ஒரு சாண் முன்னால்

எங்கள் கல்யாண ஆல்பத்தில் முப்பத்தொன்பது படங்கள் இருக்கின்றன. பதினான்கில் பந்தி நடக்கிறது. ஐந்தில் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் நிற்கிறார். அவர் யாரென்று பெண் வீட்டாருக்கும் தெரியவில்லை, மாப்பிள்ளை வீட்டாருக்கும் தெரியவில்லை. தாலி கட்டும் படம் மட்டும் இல்லை. போட்டோக்காரர் கொண்டுவந்திருந்த பல்பு அந்த நேரம் பார்த்து எரியவில்லை என்று சொல்லிவிட்டார். கோட்டுக்காரரை எடுத்த ஐந்து தடவையும் எரிந்த பல்பு அது.

என் மனைவி இதை வருஷத்துக்கு ஒரு தடவை, கல்யாண நாளன்று, காப்பியை வைத்துவிட்டுச் சொல்வாள். சண்டைக்கு இழுக்கிற குரலில் அல்ல. வானொலியில் வானிலை வாசிக்கிறார்களே, அந்தக் குரலில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் அதை இருபத்தாறு தடவை கேட்டு முடித்திருந்தேன். அந்த வாரம் அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். நகையைப் பற்றி அல்ல, மண்டபத்தைப் பற்றியும் அல்ல.

“இவளுக்காவது அந்தப் படம் இருக்கணுங்க.”

இருக்கும் என்றேன். ஒரு படம்தானே என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் எங்களை வாசலில் நிறுத்தி, அந்த ஒரு படத்துக்கும் வழியில்லாமல் செய்தார். முந்தைய மாதம் ஒரு கல்யாணத்தில் வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு பீடத்துப் படியில் ஏறியிருக்கிறார். அவருடைய ஒயர் போதகரின் அங்கியில் மாட்டி, ஆசீர்வாதம் சொல்ல வேண்டிய இடத்தில் போதகர் வேறு ஏதோ சொல்லிவிட்டாராம். என்ன சொன்னார் என்பதை எங்கள் சபையில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள். அதிலிருந்து சட்டம் வந்துவிட்டது. மணமக்கள் உடன்படிக்கை சொல்லத் தொடங்கி தாலி கட்டி முடிகிற வரைக்கும் வெளியாள் கேமரா கிடையாது. விளக்கு கிடையாது, ஃபிளாஷ் கிடையாது. சபையைச் சேர்ந்த ஒருவர், ஒரே ஒருவர், ஒரே இடத்தில் நின்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பதினைந்து நிமிஷமும் யாரும் வாய் திறக்கக் கூடாது.

சபையைச் சேர்ந்த ஒருவர் என்றதும் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேர் கிளம்பினோம். ஒருவன் நான். இன்னொருவர் என் மனைவியின் தம்பி.

மச்சானுக்கு வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில். எட்டு வருஷம் மஸ்கட்டில் இருந்துவிட்டு வந்து மின்விசிறி, மிக்ஸி விற்கிற கடை வைத்திருந்தார். வாரத்துக்கு மூன்று நாளாவது ஸ்கூட்டரில் கிழக்குத் தாம்பரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். எல்லாரிடமும் தணிந்து பேசுகிற மனிதர். என் கேமராவைப் பார்த்தால் மட்டும் அந்தத் தணிவு போய்விடும்.

என் கேமரா ரஷ்யாவில் செய்தது. எண்பதுகளின் நடுவில் பர்மா பஜாரில் பழசாக வாங்கினேன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை எனக்கு; தூரத்தை அளக்கிற எந்தச் சாமானைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. இந்தக் கேமரா தூரத்தை அளந்து படம் எடுக்கிற வகை. லென்ஸுக்கு மேலே தனியாக ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரியும். அந்த வட்டத்துக்குள் எதிரே நிற்கிறவர் இரண்டு பேராக இருப்பார். இரண்டு மூக்கு, நாலு கண். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு மூக்கும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றான இடத்தில் ஃபோகஸ் சரி. மூக்கு ஒன்றா இரண்டா என்று எண்ணத் தெரிந்தால் போதும், எனக்கு எண்ணத் தெரியும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே ‘ரெண்டு மூக்கு’தான்.

மச்சானுடையது மஸ்கட்டிலிருந்து வந்த ஜப்பான் கேமரா. அதில் லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையே நாமும் பார்க்கலாம். உள்ளே சாய்வாக ஒரு கண்ணாடி இருந்து, லென்ஸில் விழுவதை நம் கண்ணுக்குத் திருப்பிவிடுகிறது. பொத்தானை அமுக்கினால் கண்ணாடி மேலே எழும்பி ஃபிலிமுக்கு வழி விடும். அப்போது ‘டப்’ என்று ஒரு சத்தம், கண்ணுக்கு ஒரு கணம் இருட்டு. அதாவது படம் விழுகிற அந்தக் கணத்தை மட்டும் எடுக்கிறவர் பார்க்க முடியாது. என் கேமராவில் பார்க்கலாம். இதை நான் எடுத்துச் சொல்லும்போதெல்லாம் மச்சான், “நீங்க பாக்கறது ஒண்ணு, லென்ஸ் பாக்கறது ஒண்ணு. அதுக்கு இது தேவலை அத்தான்” என்பார்.

அதில் ஒரு பழைய குத்தல் உண்டு. முன்பு ஒரு பொங்கல் விடுமுறையில் இரண்டு குடும்பமுமாக வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்குப் போயிருந்தோம். நான் ஒரு முழுச் சுருள், முப்பத்தாறு படம் எடுத்தேன். லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை. என் கேமராவில் மூடி போட்டிருந்தாலும் ஜன்னலில் யானையும் மானும் அழகாகத் தெரிந்துகொண்டுதான் இருக்கும். ஸ்டுடியோக்காரர் கழுவிக் கொடுத்த சுருளில் ஒன்றுமே இல்லை. மச்சான் அதை வாங்கி, ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, முதலிலிருந்து கடைசி வரை நிதானமாகப் பார்த்தார்.

“பிரிண்ட் போட்டா முப்பத்தாறும் கருஞ்சிறுத்தை அத்தான்” என்றார்.

ஆகவே கல்யாணத்தில் யார் நிற்பது என்பதில் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. நான்கு நாள் வாதம் நடந்தது. கடைசியில் மகள்தான், இரண்டு பேரும் சோதித்துக் காட்டுங்கள், படத்தைப் பார்த்து நான் சொல்கிறேன், கல்யாணம் என்னுடையது என்று தீர்த்துவிட்டாள்.

சோதனையை நான் முறையாக ஏற்பாடு செய்தேன். முதலில் சர்ச்சில் எவ்வளவு வெளிச்சம் என்று மூன்று ஞாயிறு வெளிச்சமானியைப் பிடித்துக் குறித்துக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறு காணிக்கைப் பை என் முன்னால் வந்து நின்றது கூடத் தெரியவில்லை என்று மனைவிக்குக் கோபம். ஆர்கன் பெட்டியின் முனையில் நின்றால் மணமக்களை முன்பக்கமாகப் பார்க்கலாம். அங்கிருந்து பெண் நிற்கிற இடம் ஏழு அடி. டேப் வைத்து இரண்டு தடவை அளந்தேன். பிறகு எங்கள் கூடத்து ஜன்னல்களைப் போர்வையால் மூடி, சர்ச்சில் எவ்வளவு மங்கலோ அவ்வளவு மங்கல் வருகிற வரைக்கும் ஒன்று ஒன்றாகத் தூக்கிவிட்டேன். சாப்பாட்டு மேசையில் பதினொரு தீப்பெட்டிகளைப் படிக்கட்டு மாதிரி சாய்வாக, ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, இரண்டேகால் அங்குல இடைவெளியில் நிறுத்தினேன். ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டினேன். ஒன்று நமக்குக் கிட்டத்தில், பதினொன்று தூரத்தில். ஆறாவது பெட்டிக்கு ஏழு அடி. ஆளுக்குப் பத்துப் படம், ஒவ்வொரு தடவையும் வளையத்தை முழுக்கத் திருப்பிவிட்டுப் புதிதாக ஃபோகஸ் செய்ய வேண்டும், ஆறாவது பெட்டியில். எது தெளிவாக விழுகிறதோ அதுதான் உண்மையில் ஃபோகஸ் ஆன இடம்.

மனைவி வந்து அடுப்புப் பற்றவைக்க ஒரு பெட்டி வேண்டும் என்றாள். எந்த எண்ணையும் எடுக்க முடியாது என்றேன். அன்றைக்கு டீ தாமதமானது.

படங்கள் வந்தன. பூதக்கண்ணாடி வைத்து நான் பார்த்தேன், பிறகு மச்சான், பிறகு மகள். மச்சானின் பத்தில் ஏழு, ஆறாவது பெட்டியில் கச்சிதமாக இருந்தன. மற்ற மூன்றில் ஒன்று மூன்றாவது பெட்டி, ஒன்று எட்டாவது பெட்டி. மீதி ஒரு படத்தில் எந்தப் பெட்டியும் தெளிவாக இல்லை. பின்சுவரில் காலண்டர் தெளிவாக இருந்தது, தேதி படிக்கலாம். மங்கலான வெளிச்சத்தில் அந்தக் கேமராவின் திரையும் மங்கிவிடுகிறது. மச்சானோ மூக்குக்கண்ணாடி இடிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கிறவர்.

என்னுடைய பத்திலும் இரண்டாவது பெட்டி தெளிவாக இருந்தது. பத்திலும்.

“மாமா ஏழு தடவை சரி. அப்பா பத்துத் தடவையும் தப்பு” என்றாள் மகள்.

“ஆனா ஒரே தப்பு” என்றேன்.

அதைத்தான் நான் அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. எங்கள் அலுவலகத்தில் நிலம் அளக்கிற சங்கிலி தேய்ந்தும் நீண்டும் போகும். அதற்காக யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று பார்த்து வைத்துக்கொண்டு, அளந்ததில் அதைத் திருத்திக்கொள்வோம். நம்ப முடியாதது ஒரு நாளைக்கு ஒரு நீளம் காட்டுகிற சங்கிலிதான். என் கேமரா, ஏழு அடியில் நாலு தீப்பெட்டி தூரம் கிட்டத்தில் ஃபோகஸ் செய்கிறது. நாலு இரண்டேகால் ஒன்பது அங்குலம். என் கையை விரித்து வைத்துப் பார்த்தேன். சரியாக ஒரு சாண். ஆகவே மூக்கு ஒன்றானதும் ஒரு சாண் முன்னால் சாய்ந்து அமுக்க வேண்டும். அவ்வளவுதான் திருத்தம். மச்சானின் மூன்று தப்புக்கு என்ன திருத்தம், யார் சொல்ல முடியும்?

அப்படிச் சாய்ந்து இன்னும் பத்துப் படம் எடுத்தேன். பத்திலும் ஆறாவது பெட்டி. மகள் தீர்ப்பை எனக்குச் சொன்னாள். மச்சான் பத்துக்குப் பத்து என்றால் பேச என்ன இருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் சும்மா போகவில்லை.

“ஏழடின்னு அளந்தாச்சுல்ல, வளையத்த ஏழடில வச்சுட்டு அமுக்கிட்டே போங்களேன் அத்தான்.”

“மாப்பிள்ளைய அங்க ஆணி அடிச்சா நிறுத்தப் போறாங்க?”

“அப்ப ரிப்பேராவது பாருங்க. பொழிச்சலூர்ல ஒருத்தர் இருக்காரு. ஏரோப்ளேன்ல முள்ளு ஆடுமே, அந்த மீட்டரெல்லாம் பாத்துட்டிருந்தவரு. ரெண்டு நாள்ல குடுத்துடுவாரு.”

மாட்டேன் என்றேன். ஏற்கெனவே ஒரு தடவை பஜாரில் ஒருவரிடம் ரிப்பேருக்குக் கொடுத்தேன். பன்னிரண்டு திருகாணியோடு போன கேமரா பதினொன்றோடு வந்தது. எங்கே என்று கேட்டதற்கு அது தேவையில்லாத ஆணி என்றார். இன்னொரு ரிப்பேருக்குப் போனால் பத்தாகும். மனைவி மேசையில் தீப்பெட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருந்தது. நான் பயிற்சியில் இறங்கினேன். ஒரு சாண் சாய்வது கேட்க எளிது. இரண்டு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு சாய்ந்தால் விழுந்துவிடுவோம். வலது காலை முன்னால் வைக்க வேண்டும். இடுப்பை மட்டும் மடக்கினால் கேமரா தரையைப் பார்க்கும். முழங்காலையும் சேர்த்து மடக்க வேண்டும். மூன்று கட்டமாகப் பிரித்தேன். ஒன்று, மூக்கைச் சேர். இரண்டு, சாய். மூன்று, அமுக்கு. தினமும் காலையில் பன்னிரண்டு தடவை. மணப்பெண்ணின் இடத்தில் மனைவியை நிறுத்தினேன். ஏழு அடியில் டேப்பின் நுனியைத் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வேலை.

முதல் வாரம் கோழி கொத்துகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். இரண்டாவது வாரம், இருக்கிற வேலையில் இது வேறா என்றாள். மூன்றாவது வாரம் ஒரு கையில் டேப்பும் இடுப்பில் முறமுமாக நின்று, மற்ற கையால் அரிசியில் கல் பொறுக்கக் கற்றுக்கொண்டாள். எண்ணுவதை முதலில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சர்ச்சில் வாய் திறக்கக் கூடாதே என்று பிறகு உதட்டை மட்டும் அசைத்தேன். அவள் என் உதட்டைப் பார்த்தே ‘மூன்று’ வந்ததும் டேப்பை விட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு நான் பத்திரிகை கொடுக்கத் தெற்கே எங்கள் ஊர்ப்பக்கம் போனேன். அறுபத்து மூன்று பத்திரிகை, ஐந்து நாள், பதினாறு பஸ். திரும்பி வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பீரோவைத் திறந்து கேமராவை எடுத்துப் பார்த்தேன். கல்யாண வீட்டில் யார் யாரோ வந்து போகிறார்கள். யார் எதைத் தொட்டார்களோ. திருகாணிகளை எண்ணினேன். பதினொன்று. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் தொடவில்லை என்று நிம்மதியாக இருந்தது.

ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தது. மொட்டை மாடியில் நின்று, வளையத்தைக் கடைசித் தூரம் வரைக்கும் திருப்பி வைத்துச் சர்ச் கோபுரத்தைப் பார்ப்பது என் வழக்கம். அந்த உயரத்தில் சிலுவை எப்போதும் சற்று விலகி இரண்டாகத்தான் தெரியும். அன்று ஒன்றாகத் தெரிந்தது. மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. காற்றில் இருந்த தூசியெல்லாம் கழுவிப் போயிருக்கும் என்று முடிவு செய்தேன். கீழே வந்து மனைவியிடமும் சொன்னேன். அவள் அரிசி அளந்துகொண்டிருந்தாள். “அப்படியா” என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். எண்ணிக்கை தவறிவிடப்போகிறதே என்று நானும் மேலே பேசவில்லை.

கல்யாணம் காலை பத்து மணிக்கு. வானம் மூடியிருந்தது. என் கணக்குக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும். கேட்டு வாங்கக் கூடிய பொருள் இல்லை. மகளைக் கையைப் பிடித்து வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நாற்பத்தோரு அடி எடுத்து வைத்துக் கூட்டிப் போனேன். ஒப்புக்கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பிறகு ஓசைப்படாமல் ஆர்கன் முனைக்கு நகர்ந்தேன். கேமராவை மாட்டிக்கொண்டு மகளோடு நடக்கக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் அதை மச்சான் வைத்திருந்தார். என் கழுத்தில் வாரை மாட்டிவிட்டுக் காதோரமாகச் சொன்னார்.

“நேரா நின்னு எடுங்க அத்தான். எல்லாம் சரியா இருக்கு.”

நான் கோழி மாதிரி சாய்வதைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. இடம் சர்ச், நேரம் உடன்படிக்கை. பதில் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொண்டேன். லென்ஸ் மூடி கழற்றியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். நான்கு தடவை தொட்டேன்.

மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை கிடையாது. அதனால் தாலி கட்டும்போது பெண்ணின் முக்காட்டையும் பின்னலையும் தூக்கிப் பிடிக்கிற வேலையை என் மனைவிக்கே கொடுத்திருந்தார்கள். மகளுக்கு ஒட்டிப் பின்னால் நின்றாள். மகளின் இடது தோளுக்கு மேலே அவள் முகம் தெரிந்தது. போதகர் தாலியை எடுத்து ஜெபித்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். சர்ச்சில் மின்விசிறிகளின் சத்தம் மட்டும்தான்.

ஜன்னலில் இரண்டு தாலி தெரிந்தது. ஒன்றாக்கினேன். வலது காலை முன்னால் வைத்தேன். சாய்ந்தேன். அமுக்கினேன். என் கேமராவின் சத்தம் எனக்கே கேட்கவில்லை. நிமிர்ந்து, ஃபிலிமைத் திருகி, மறுபடியும் ஒன்று, இரண்டு, மூன்று. படம் விழுகிற கணத்தையும் பார்க்க முடிகிற கேமரா என்று சொன்னேன் அல்லவா, பார்த்தேன். என் மனைவியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஜெபிக்கிறாள் என்று நினைத்தேன். மூன்றாவது படத்தில் இன்னும் ஊக்கமாக ஜெபித்தாள். நாலாவதில் கண் இரண்டும் அகல விரிந்து, என்னையே பார்த்துக்கொண்டு, தலையையும் ஆட்டினாள். அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். ஆனாலும் எண்ணுவதை விடவில்லை.

ஐந்தாவதற்கு மூக்கைச் சேர்த்தேன், அதாவது தாலியை. ஒன்று. உதட்டில் ‘இரண்டு’ வந்து நான் சாய்கிறபோது என் மகள் திடீரென்று பின்னால் போனாள். மாப்பிள்ளையின் கைகளும் முடிச்சோடு கூடவே போயின. போதகர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். இதையெல்லாம் மூளை பார்த்துக்கொண்டிருக்கையிலேயே ‘மூன்று’ வந்துவிட்டது, விரல் அமுக்கிவிட்டது. அதோடு முடிச்சும் முடிந்தது. எல்லாரும் பாட எழுந்தார்கள்.

நான்காம் நாள் தாம்பரம் மார்க்கெட் பக்கத்து ஸ்டுடியோவில் படங்களை வாங்கிக்கொண்டு கடை வாசலிலேயே பிரித்தேன். முதல் நான்கு படங்களிலும் தாலி இல்லை. தாலி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு கலக்கம். மகளின் முகம் பனி மூட்டத்துக்குள் இருந்தது. ஆனால் அவளுக்குப் பின்னால் என் மனைவியின் முகம் இருந்ததே, அவ்வளவு தெளிவான படத்தை நான் என் ஆயுளில் எடுத்ததில்லை. மூக்குக்கண்ணாடியின் காதில் இருக்கிற திருகாணிகளை எண்ணலாம். எண்ணினேன்.

ஐந்தாவதில் தாலி இருந்தது. அதிலுள்ள சின்னச் சிலுவையும், அதைச் சுற்றி இருக்கிற புள்ளிகளும், மாப்பிள்ளையின் விரலில் நகமும், எல்லாம். மகளுக்கு மட்டும் வாய் திறந்து, யாரோ கூப்பிட்ட மாதிரி ஒரு முகம்.

மனைவியிடம் ஐந்தாவதை முதலில் காட்டினேன். அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். நல்லா இருக்கு என்றாள். மற்ற நான்கையும் பார்த்தபோது அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள்.

நல்லா இருக்கு என்பது எனக்குப் போதவில்லை. ஒரே மாதிரி ஐந்து தடவை செய்தேன். நாலு தப்பு, ஒன்று சரி. இது மச்சான் கேமரா செய்கிற காரியம். என் கேமரா செய்யாது. நோட்டுப் போட்டுக் காரணங்களை எழுதினேன். ஆர்கன் முனையில் தரை சரிவா என்று மட்டப்பலகையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், சரிவில்லை. மகளை அனுப்புகிற துக்கத்தில் ஒரு சாணுக்குப் பதிலாக இரண்டு சாண் சாய்ந்திருப்பேனா என்று கண்ணாடி முன்னால் நின்று இரண்டு சாண் சாய்ந்து பார்த்தேன், கண்ணாடியில் இடித்துக்கொண்டேன். மச்சான் வந்து படங்களைப் பார்த்தார். கருஞ்சிறுத்தை என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தன் அக்காவை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னிடம், “நேரா நில்லுங்கன்னு சொன்னேனே அத்தான்” என்றார். அவ்வளவுதான். டீ கூடக் குடிக்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பிப் போய்விட்டார்.

பதினோராம் நாள் மகளும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தார்கள். நோட்டில் அப்போது ஏழு காரணங்கள் இருந்தன. சாப்பிட்டு முடித்துப் படங்களைப் பரப்பியபோது மகள் ஐந்தாவதை எடுத்தாள்.

“ஏம்மா, அன்னிக்கி என்னை எதுக்குப் பின்னால இழுத்தீங்க? தாலி கழுத்தை இறுக்கிடுச்சு.”

நான் நோட்டை மூடினேன்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னாள். நான் பத்திரிகை கொடுக்கப் போன மறுநாளே தம்பியிடம் கேமராவைக் கொடுத்துப் பொழிச்சலூருக்கு அனுப்பிவிட்டாள். ஒரு ஆணி குறையாமல் வர வேண்டும் என்று எழுதியே கொடுத்தனுப்பினாளாம். ஏரோப்ளேன் மீட்டர்காரர் இரண்டே நாளில் ஒரு சாணையும் சரிசெய்து கொடுத்துவிட்டார். கல்யாணத்தன்று காலையில் என்னிடம் சொல்லிச் சந்தோஷப்படுத்துவது என்று வைத்திருந்தாள். அன்று காலை தண்ணீர் லாரி வரவில்லை, பூ ஆறு முழம் குறைந்தது, என் கோட்டில் ஒரு பித்தானைக் காணோம். மறந்துபோயிற்று. பீடத்தின் முன்னால் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான் வலது காலை முன்னால் வைத்தேன். அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

சரியாகிவிட்ட கேமராவோடு நான் ஒரு சாண் சாய்ந்தால் தாலி ஒரு சாண் கிட்டத்தில் வந்துவிடும். தாலிக்கு ஒரு சாண் பின்னால் என்ன இருக்கிறதோ அது தெளிவாக விழும். தாலிக்கு ஒரு சாண் பின்னால் இருந்தது அவள் முகம். அங்கே வாய் திறக்கக் கூடாது. அவளால் செய்ய முடிந்ததைச் செய்திருக்கிறாள்.

பூதக்கண்ணாடியை எடுத்து நாலு படத்தையும் வரிசையாக வைத்தேன். முதல் படத்தில் வாய் ‘சா’ என்று திறந்திருக்கிறது. இரண்டாவதில் ‘யா’. மூன்றாவதில் உதடு இரண்டு பக்கமும் இழுத்து, பல் தெரிய, ‘தீ’. சாயாதீங்க. நாலாவதில் உதடு ‘ங்க’வுக்குப் போகவே இல்லை. சாயாதே என்று முடிந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னை மரியாதை இல்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான். அதற்கு ஆதாரம் என் கையாலேயே எடுத்த படம்.

“அப்புறம் என்ன செய்யச் சொல்றீங்க? நீங்க கேக்கற மாதிரி தெரியல. உங்க உதட்டையே பாத்தேன். ரெண்டுன்னீங்க. நீங்க ஒரு சாண் முன்னால வந்தீங்க, நான் இவள ஒரு சாண் பின்னால இழுத்தேன். சரியாப் போச்சுல்ல.”

மாப்பிள்ளைக்கு இதில் பாதி புரிந்ததோ என்னவோ, தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். எனக்குப் புரிந்தது. ஆனால் சரியாப் போச்சு என்று அவள் சொன்னது சரியல்ல. டேப்பை எடுத்து வந்து அவள் கையை விரிக்கச் சொன்னேன். என் சாண் ஒன்பது அங்குலம். அவள் சாண் ஏழே முக்கால்தான். அப்படியானால் தாலி இன்னும் ஒன்றேகால் அங்குலம் பின்னால் போயிருக்க வேண்டும். அதை அவளிடம் சொன்னேன். படத்தில் தெரிகிறதா என்று கேட்டாள். இரண்டு நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தெரியவில்லை.

ஐந்தாவது படத்தைப் பெரிதாகப் போட்டு மகள் வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் பெண் ஏன் இப்படிப் பார்க்கிறாள் என்று கேட்கிறார்களாம். மற்ற நான்கையும் நான் கிழித்துவிடலாம் என்றேன். மனைவி வாங்கிக்கொண்டு போய், எங்கள் கல்யாண ஆல்பத்தில், தாலிப் படத்துக்காக ஒரு பக்கம் வெறுமனே விட்டிருந்தார்களே, அதில் வரிசையாக ஒட்டிவிட்டாள். ஆல்பத்தில் இப்போது நாற்பத்து மூன்று படங்கள்.

அடுத்த கல்யாண நாளன்று காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் பேப்பரை மடித்துவிட்டு வானிலை அறிக்கைக்குக் காத்திருந்தேன். அவள் சர்க்கரை போதுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாண நாள் வந்துவிட்டது. என் கணக்கு இருபத்தாறோடு நிற்கிறது.